கண்ணாடிச் சுவரும் பெண்ணின் பெயரும்

சீகிரியாவைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் தந்தையைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பனின் கதையை எழுதினர். மற்றொரு சாரார் பாறைக் குடைவில் தீட்டப்பெற்ற மகளிரின் எழிலை எழுதினர். முன்னவர்க்கு அரசனே வரலாறு. பின்னவர்க்கு அழகே வரலாறு. இவ்விரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. அதனை ஓர் உயர்தர வகுப்பு மாணவி நம்மிடம் கேட்டாள். கல்விச் சுற்றுலாவின்போது அப்பாறையின் நடுவழியிலே கண்ணாடிச் சுவரின் அருகில் நின்று, "இவ்வளவு பேர் இந்தப் பெண்களைப் பார்த்துப் பாட்டெழுதியிருக்கிறார்கள். பெண்கள் ஒருவரும் எழுதவில்லையா?" என்று அவள் வினவினாள். வினவியவளின் கையிலே கைத்தொலைபேசி இருந்தது. அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அக்குறையை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

காசியப்பன் ஆட்சி செய்த காலம் கி. பி. 477 முதல் 495 வரை. அவனுக்குப்பின் தலைநகர் மீண்டும் அநுராதபுரத்துக்கே சென்றது. சீகிரியா பிக்குகளின் உறைவிடமாயிற்று. அதன்பின் பல நூற்றாண்டுகளாக நாட்டின் நாலாபக்கங்களிலிருந்தும் மக்கள் வந்து அந்த ஓவியங்களைக் கண்டு சென்றனர். வந்தோருட் பலர் ஓவியங்களுக்குக் கீழே அமைந்த வழியின் ஓரத்திலுள்ள மெருகேற்றிய சுவரில் எழுத்தாணி போன்ற கூரிய கருவியினால் பாட்டெழுதினர். செங்கற் சுவரின்மேல் சாந்து பூசித் தேய்த்துப் பளபளப்பாக்கியமையின் அதனைக் கண்ணாடிச் சுவர் என்பர். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிற் பழஞ்சிங்களத்தில் எழுதப்பட்ட இப்பாடல்களுள் 685ஐப் படித்தறிந்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1956ஆம் ஆண்டில் இரு பெருந் தொகுதிகளாக வெளியிட்டார் பேராசிரியர் செனரத் பரணவிதான. ஈழத்தின் அறிவுலகம் பெருமை கொள்ளத்தக்க பணிகளுள் அஃதொன்று. அரசவைப் புலவர் அல்லாத மக்களின் குரல் இத்துணைப் பழைமையோடு கிடைப்பது உலகிலேயே அரிது. சிங்கள மக்களின் இலக்கியச் செல்வமாகிய இச்சுவரைத் தமிழ் வாசகரும் தமக்கு அந்நியமானதென ஒதுக்குதல் ஆகாது. 19ஆம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்து சென்ற நம் தோட்டத் தொழிலாளரின் பாதை இப்பாறைக்குச் சிறிது தொலைவிலேயே சென்றது. நடந்தவருள் பெண்களும் இருந்தனர். அவர்கள் எந்தச் சுவரிலும் எழுதிச் செல்லவில்லை.

அப்பாடல்களைத் தொடர்ந்து படிப்போருக்கு ஓருண்மை விரைவிலேயே புலனாகும். எழுதியவன் பெரும்பாலும் தன்னை அறிமுகஞ் செய்துகொள்கிறான். இன்ன பெயரினன், இன்ன ஊரினன், இன்ன தொழிலினன், இதனை எழுதினவன் நானே என்று ஒப்பமிடுகிறான். அவர்களுள் பிக்குகளும் உளர், அதிகாரிகளும் உளர், சாதாரணக் குடிமக்களும் உளர். பாடப்பட்ட பெண்ணுக்கோ பெயரில்லை, ஊரில்லை, தொழிலில்லை. அவளுக்குக் கண்ணும் இடையும் நிறமும் கையிலே மலரும் மட்டுமே உண்டு. பொன்னிறத்தவளே என்று அவளை விளிப்பவர் பலர். அவள் வாய் திறக்கவில்லையே, கல்நெஞ்சினளாயிருக்கிறாளே என்று குறைபடுபவரும் பலர். ஓவியத்துக்கு வாய் பேசாது என்பதை அறியாதவர்களல்லர் அவர்கள். பேசாத பெண்ணை நோக்கிப் பேசுவதிலே அவர்களுக்கு ஒரு சுகம் இருந்தது. மறுமொழி வராத இடத்திலே மறுப்பும் வராது. அவளுடைய மௌனத்தைக் கொடுமையென்றும் கூறலாம், நாணமென்றும் கூறலாம், சம்மதமென்றும் கூறிவிடலாம்.

அறிஞர் பெருமக்களும் இதற்கு விலக்கல்லர். தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச். சி. பி. பெல் இம்மகளிரைக் காசியப்பனின் அந்தப்புரத்தவர் என்றும், அருகிலுள்ள பிதுரங்கல விகாரைக்கு மலரேந்திச் செல்பவர் என்றும் கருதினார். ஆனந்த குமாரசுவாமி, இவர்கள் இடைக்குக் கீழே முகிலால் மறைக்கப்பட்டமையைச் சுட்டி, விண்ணுலக அரம்பையர் என்றார். பரணவிதான மின்னலும் முகிலும் பெண்ணுருக் கொண்டனவே இவை என்றார். மூவர் கொள்கைக்கும் ஆதாரமுண்டு. அவற்றுள் எது சரியென்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்வோவியங்களிலே பொன்னிறத்தவரும் உளர், கருநிறத்தவரும் உளர். பொன்னிறத்தவர் தலைவியர் என்றும் கருநிறத்தவர் பணிப்பெண்கள் என்றும் பிரித்து வைத்தது ஒரு விளக்கம். நிறத்தைக் கண்டு நிலையைத் தீர்மானிக்கும் அக்கண் இன்றும் மூடவில்லை. ஞாயிறு இதழ்களில் வெளிவரும் 'மணமகள் தேவை' விளம்பரங்களைப் புரட்டிப் பார்ப்போர் இதனை அறிவர்.

இனி, அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். பெண்களும் எழுதினர். ஆனால் பெண்கள் எழுதியனவாகத் துணிந்து கூறத்தக்கவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று நம் சிந்தனையைக் கிளறுவது. அதனை எழுதியவள் தன் பெயரோடு தான் இன்னாருடைய மனைவி என்பதையும் சேர்த்துப் பொறித்தாள். பாட்டின் பொருளோ, சுவரின்மேல் நிற்கும் ஓவியப் பெண்மீது கொண்ட சினம். அந்த மான்விழியாள் தம்மோடு போட்டிக்கு நிற்பதாக அவளுக்குத் தோன்றிற்று. ஆண்கள் நூற்றுக்கணக்கில் வந்து ஓவியத்தை வியந்து பாடும் இடத்திலே நின்ற ஒரு மனைவிக்கு அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை. இப்பாட்டை நகைச்சுவை மிக்கதெனப் பாராட்டுதல் எளிது. நமக்கோ அதிலொரு துயரமும் தெரிகிறது. எழுத்தாணி அவள் கைக்கு வந்த அரிய தருணத்திலும் அவள் தன்னைப் பற்றி எழுதவில்லை. ஆணின் கண்கொண்டே தன்னைப் பார்த்தாள். அக்கண்ணுக்கு முன்னே தன்னையும் ஓர் ஓவியத்தையும் நிறுத்தி ஒப்பிட்டாள். தன் பகைவரைத் தேடியவள் பெயரில்லாத இன்னொரு பெண்ணையே கண்டாள்.

இதனோடு நம் சங்கப் பாடலொன்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். அகநானூற்றிலே ஔவையார் பாடிய பாட்டில், பிரிவால் வருந்தும் தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் தலைவனைத் தேடிப் புறப்பட எண்ணுகிறாள். அகப்பாடலில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அவ்விதிக்கு உட்பட்ட பாட்டினுள்ளேயே, தலைவியை அன்றி ஒரு புலமைப் பெண்ணின் பெயரை உவமையாக வைக்கிறார் மற்றொரு புலமைப் பெண். அங்கே ஒருத்தி மற்றவளைப் போட்டியாகக் காணவில்லை, துணையாகக் கண்டாள், அவள் நடந்த வழியைத் தனக்கும் வழியாகக் கண்டாள். பெண்ணின் தன்னுணர்வு வளரும் விதத்துக்கும் அது குன்றும் விதத்துக்கும் இவ்விரு பாடல்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ஆயினும் பழந்தமிழ் மரபு முழுவதும் பெண்ணுக்கு நீதி செய்தது என்று பெருமை பேச நாம் முன்வரவில்லை. மடலேறுதல் என்னும் துறையை எடுத்துக்கொள்வோம். தலைவியை அடையப்பெறாத ஆண், பனைமடலாற் செய்த குதிரைமீதேறி, அவளுடைய உருவெழுதிய கிழியைக் கையிலேந்தி ஊர்த்தெருவிலே வருவான். ஊரறிய அவளைத் தன் காதலி என்பான். ஊர் அலர் தூற்றும். உறவினர் வேறு வழியின்றி மணஞ் செய்து கொடுப்பர். பெரும்பாலான பாடல்களில் அவன் மடலேறவில்லை. ஏறுவேன் என்று தோழியை அச்சுறுத்துகிறான். நம் உரைகாரர்களும் பேராசிரியர்களும் இதனைக் காதலின் ஆழத்துக்குச் சான்றென விதந்தோதினர். பெண் மடலேறுதல் எத்திணையிலும் இல்லை என்றது தொல்காப்பியம். அவள் மடலேறாதிருத்தலே பெருமை என்றது குறள். ஆனால் அப்பெண்ணின் நிலையில் நின்று பார்த்தால் இத்துறையின் பொருள் யாது? அவளுடைய உருவம் அவளுடைய இசைவின்றித் தெருவுக்கு வருகிறது. 'நீ இணங்காவிடின் உன் படத்தை ஊருக்குக் காட்டுவேன்' என்பதே அதன் சாரம். காதல் என்ற பெயர் பூண்டிருப்பினும் அச்சுறுத்தல் அச்சுறுத்தலே. பண்டை மடலேறி எருக்கமாலை சூடித் தன்னையும் இழிவுபடுத்திக்கொண்டான் என்ற ஒரு வேறுபாட்டை மட்டும் அவனுக்குச் சாதகமாகக் குறிக்கலாம். இன்றைய மடலேறிக்கு அந்தச் சங்கடமும் இல்லை. அவன் தன் முகத்தை மறைத்துக்கொண்டே வருகிறான்.

இன்றைய கண்ணாடிச் சுவர் கைத்தொலைபேசியின் திரை. அதன்மேல் எழுதும் எழுத்தாணி விரல் நுனி. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தோன்றிய ரிண்டர் என்னும் செயலி, ஆளின் படத்தைக் காட்டி, பிடித்தால் வலப்புறம் தள்ளுக, பிடிக்காவிடின் இடப்புறம் தள்ளுக என்றது. பாறைக் குடைவின் முன்னே நின்று ஒவ்வோர் ஓவியமாகப் பார்த்துச் சென்றவனின் நடையும் இதுவே. வேகம் மட்டுமே கூடியது. முகநூலும் இன்ஸ்ரகிராமும் காதலுக்கென அமைந்தவை அல்லவெனினும் நம் நாட்டு இளைஞருக்கு அவையே பெரும்பாலும் அறிமுகக் களங்கள். அவர்களுடைய பெற்றோருக்கோ மணமக்கள் தேடும் இணையத் தளங்கள் உள. அவற்றிலே சாதிக்கும் உட்சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் அமைத்திருக்கின்றனர். தரகரின் குறிப்புப் புத்தகத்திலிருந்த பழைய பிரிவினைகள் ஒன்றுகூடச் சிந்தாமல் சிதறாமல் புதிய இயந்திரத்தினுள் ஏறிவிட்டன. புதிய கருவி பழைய சமுதாயத்தைத் தானாகவே மாற்றிவிடும் என்று நம்புவோருக்கு இது தக்க பாடம்.

எனினும் கருவியைப் பழிப்பதோடு நின்றுவிடுதல் பிற்போக்காளரின் வழக்கம். அது நம் வழக்கமாகாது. அமெரிக்காவிலே 2017ஆம் ஆண்டு திரட்டிய தரவுகளைக் கொண்டு ரோசன்பெல்ட் முதலிய சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அங்கு புதிதாக இணைந்த ஆண் பெண் இணையரில் ஏறத்தாழ 39 சதவீதத்தினர் இணையத்தின் வழியே சந்தித்தவர் என்று கூறுகிறது. உறவினரும் நண்பரும் அயலவரும் அறிமுகஞ் செய்துவைத்த காலம் அங்கு பின்தள்ளப்பட்டுவிட்டது. நம் நாட்டிலும் அவ்விருப்பத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. தோட்டத்து லயத்து அறையிலே, நாலு பேர் நடுவே வாழும் ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று சொல்லத்தக்க இடம் அந்தச் சிறு திரை ஒன்றே. வீட்டை விட்டுத் தொலைவிலே, 1978ஆம் ஆண்டு முதல் இயங்கும் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்ணுக்கும் அவ்வாறே. சாதி கேளாது, சீதனம் பேசாது ஓர் இளைஞனோடு பேசிப் பார்க்கும் உரிமையை அவளுக்கு அவளுடைய ஊர் கொடுக்கவில்லை, இயந்திரம் கொடுத்தது. அவ்வுரிமையைப் பெண் நாடுவது தவறன்று. தன் மனத்துக்கு இசைந்தவனைத் தானே தேர்தல் களவொழுக்கம் பாடிய இனத்துக்குப் புதியதுமன்று.

ஆனால் அந்த உரிமையை விற்பவன் யார், என்ன விலைக்கு விற்கிறான் என்பதையும் கேட்டல் வேண்டும். சீகிரியாச் சுவருக்கு வாடகை இல்லை. அங்கு எழுதியவனின் பெருமூச்சிலிருந்து எவனும் இலாபம் ஈட்டவில்லை. இன்றைய சுவர்கள் தனியார் கம்பனிகளின் உடைமை. நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டேயிருத்தல் அவற்றின் வருவாய். தேடியவர் விரைவில் கண்டடைந்து விலகிச் சென்றால் அவற்றுக்கு நட்டம். ஆகவே பெண்ணின் உருவம் அங்கே சரக்கு. அதைக் காண வரும் ஆணின் தவிப்பும் சரக்கு. அவள் தன் நிறத்தைத் திரையிலே வெளுப்பாக்கிக்கொள்ளவும் கன்னத்தைச் சீர்செய்துகொள்ளவும் வேண்டிய கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்விலவசத்தின் விலையை அவள் கண்ணாடியின் முன்னே தனித்து நிற்கும்போது செலுத்துகிறாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனைவி சுவரோவியத்தோடு தன்னை ஒப்பிட்டாள். இன்றைய பெண் தன் படத்தோடு தன்னையே ஒப்பிட்டுத் தோற்கிறாள்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்றையும் நோக்குவோம். இத்தகைய செயலிகளைப் பயன்படுத்திய 18 முதல் 34 வயது வரையான பெண்களில் 60 சதவீதத்தினர், தாம் விருப்பமில்லை என்று கூறிய பின்னரும் சிலர் விடாது தொடர்புகொண்டனர் என்றனர். 57 சதவீதத்தினர் தாம் கேளாத ஆபாசச் செய்தியோ படமோ தமக்கு அனுப்பப்பட்டதாகக் கூறினர். ஓவியப் பெண்ணின் மௌனத்தையே ஏற்க மாட்டாத ஆண்மனம், உயிருள்ள பெண்ணின் 'இல்லை' என்ற சொல்லையும் ஏற்க மறுக்கிறது. 2014இல் தோன்றிய பம்பிள் என்னும் செயலி, ஆணும் பெண்ணும் பொருந்தினால் பெண்ணே முதலிற் பேசவேண்டும் என்று விதித்துப் புகழ் பெற்றது. 2024இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. முதற் சொல்லைப் பெண்ணுக்குக் கொடுத்தது நல்லதோர் எண்ணமே. ஆனால் முதற்சொல்லுக்கு உரிமை கொடுத்துவிட்டு, இறுதிச் சொல்லாகிய மறுப்புக்குச் சமுதாயத்திலே மதிப்பு இல்லையாயின் அதனாற் பயன் சிறிதே.

இவ்விடத்திலே இளமைப் பருவத்தின் உளவியலைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். இளைஞர் 'நான் யார்' என்னும் வினாவுக்கு விடை காணும் பருவத்தை எரிக் எரிக்சன் விரிவாக ஆராய்ந்தார். தன்னை அறிந்தவரே பிறரோடு நெருங்கிய உறவு கொள்ளவல்லார் என்பது அவர் கொள்கையின் சாரம். ஆனால் பெண்ணைப் பற்றி எழுத வந்தபோது அவரே தடுமாறினார். பெண்ணின் தன்னுருவம் அவளுடைய கவர்ச்சியிலும், தன்னை நாடவேண்டிய ஆணை அவள் தேர்ந்துகொள்ளும் முறையிலும் பெரிதும் அமைந்துவிடுகிறது என்ற கருத்து 1968இல் வெளிவந்த அவருடைய நூலில் காணப்படுகிறது. பெண்ணியச் சிந்தனையாளர் இதனைக் கண்டித்தனர். நாமும் கண்டிக்கிறோம். தந்தையின் மகள், கணவனின் மனைவி, மகனின் தாய் என்று நம் நாட்டுச் சாத்திரங்கள் வகுத்ததற்கும் இதற்கும் சொல் வேறே தவிரப் பொருள் வேறன்று. கண்ணாடிச் சுவரிலே இன்னாருடைய மனைவி என்று பெயர் பொறித்தவளை அந்தக் காலத்து விதி அவ்வாறு எழுதச் செய்தது. இந்தக் காலத்து அறிவியலும் அதே ஒப்பத்தை அவளிடம் கேட்பது தகுமா?

மலையகப் பெண்ணைப் பொறுத்தவரை 'நான் யார்' என்பது வெறும் உளவியல் வினாவும் அன்று. 1931ஆம் ஆண்டு இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு அக்குறை நீங்கச் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டிலேயே. பாட்டியின் பெயர் செக்ரோலிலே கூலிக்கணக்காக இருந்தது. தேசத்தின் ஏட்டிலே இல்லை. அவளுடைய பேர்த்தி இன்று தன் படத்தையும் பெயரையும் உலகறிய ஏற்றுகிறாள். அதனை வெறும் பகட்டென்று எள்ளுவோர் இந்த வரலாற்றை அறியாதோர். 'நானும் இருக்கிறேன்' என்று கூறும் ஆசை அதிலே உண்டு. அவ்வாசையை மதித்தல் வேண்டும். அதனைச் சந்தைக்காரனும் மடலேறியும் சூறையாடாது காத்தலும் வேண்டும்.

நாம் அறிந்த மாணவி ஒருத்தியின் கதை இங்கு கூறத்தக்கது. படிப்பிலே கெட்டிக்காரி. கைத்தொலைபேசி வழியே ஒருவனோடு பழகினாள். நம்பிக்கையின் பேரிலே தன் படம் ஒன்றை அனுப்பினாள். அவன் பேச்சிலே ஐயந் தோன்றி விலக முயன்றபோது, படத்தை ஊருக்குக் காட்டுவதாக அச்சுறுத்தினான். செய்தி வீட்டுக்கு எட்டியது. அச்சுறுத்தியவனை ஒருவரும் தேடவில்லை. அவளுடைய தொலைபேசியைப் பறித்தனர். பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கையிலே பாடசாலையிலிருந்து நிறுத்தினர். மாப்பிள்ளை தேடத் தொடங்கினர். பெண் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எதற்கு என்று ஆசிரியர் அறையிலும் பேச்சு எழுந்தது. அப்பேச்சை மறுத்துரைக்க வேண்டிய நாமும் அன்று வாளாவிருந்தோம். குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனை பெற்றவள் வேறொருத்தி. பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் 1995ஆம் ஆண்டிலேயே வந்தது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. கருத்துச் சுதந்திரத்தை அது நெரிக்கக்கூடும் என்ற கண்டனமும் உடன் எழுந்தது. சட்டம் ஏட்டில் இருப்பதும், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பொலிஸ் நிலையப் படியேறி அச்சமின்றி முறையிடுவதும் வேறு வேறு. அவள் அப்படியேறினால் முதலிற் கேட்கப்படுவது, 'நீ ஏன் படம் அனுப்பினாய்?' என்பதே.

மீண்டும் சீகிரியாவுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே கிழக்கு மாகாணத்திலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளந் தமிழ்ப் பெண் கண்ணாடிச் சுவரிலே தன் பெயரைக் கீறினாள். தம்புள்ளை நீதவான் நீதிமன்றம் அவளுக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பலரும் குரல் எழுப்பினர். சனாதிபதியின் பொதுமன்னிப்பினால் சில வாரங்களுக்குப்பின் அவள் விடுதலையானாள். உலக மரபுரிமைச் சின்னமாக 1982ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஓரிடத்தைச் சிதைத்தல் தவறென்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அச்சுவரிலுள்ள பழம் பாடல்கள் நம் அனைவரின் சொத்து. அவற்றைக் காத்தல் கடமை. ஆயினும் அச்செய்தியை வாசித்த நாளிலே நம் மனம் அமைதி அடையவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே சுவரிலே கீறியவர்களைப் புலவர் என்று போற்றுகிறோம். அவர்களும் அனுமதி பெற்றுக் கீறியவரல்லர். அவர்கள் பெண்ணின் அழகைப் பற்றி எழுதினர். இவளோ காதற் கவி எழுதவில்லை, எவரையும் புகழவில்லை, இன்னாருடைய மனைவி என்றும் பொறிக்கவில்லை. எழுதியது தன் பெயரை மட்டுமே. எழுதக்கூடாத இடத்திலே எழுதினாள் என்பது உண்மை. எழுதத்தக்க இடமாக நம் சமுதாயம் அவளுக்கு எதனை ஒதுக்கி வைத்திருந்தது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

இக்கேள்வியை நம் எழுத்தாளரை நோக்கியும் கேட்கிறோம். கைத்தொலைபேசிக் காதலைப் பற்றி அண்மைக் காலத்திலே சிறுகதைகள் பல வருகின்றன. அவற்றுட் பெரும்பான்மை இரு அச்சுக்களில் வார்க்கப்பட்டவை. முதலாவது, ஏமாற்றப்பட்ட பெண்ணின் கதை. அவள் பழகுவாள், கெடுவாள், தற்கொலை செய்வாள் அல்லது தாயின் மடியில் விழுந்து அழுவாள்; வாசகர் படிப்பினை பெறுவர். இரண்டாவது, துணிந்த பெண்ணின் கதை. அவள் நகரத்துக் கோப்பிக் கடையிலே அமர்ந்திருப்பாள், ஆண்களை ஒருவர்பின் ஒருவராகத் தள்ளிவிடுவாள், விடுதலை பெற்றுவிட்டதாக ஆசிரியர் அறிவிப்பார். முன்னதில் அவள் எச்சரிக்கைப் பலகை. பின்னதில் அவள் விளம்பரப் பலகை. ஈரிடத்தும் அவள் ஓவியமே. அவள் எங்கே வேலை செய்கிறாள், என்ன கூலி பெறுகிறாள், எவரோடு அறையைப் பகிர்கிறாள், ஒரு செய்தியை எழுதி அனுப்பாமல் அழிக்கும்போது எதனை எண்ணி அழிக்கிறாள் என்பனவற்றை இக்கதைகள் கூறா. மனிதப் பண்பு வாழ்நிலையிலிருந்து உருவாகிறது என்னும் அடிப்படை உண்மையை மறந்த இலக்கியம் பெண்ணை மேலும் ஒரு முறை சுவரிலே தீட்டுவதன்றி வேறொன்றும் செய்யாது. 1930களிலும் 1940களிலும் தோட்டத் தொழிலாளரின் துயரத்தைத் தாமே பாட்டாக்கி மேடையிலே பாடிய மீனாட்சியம்மாள் நடேசய்யரின் வழி நம் முன்னே இருக்கிறது. பிறர் தம்மைப் பாடும்வரை அவர் காத்திருக்கவில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? அகப்பாடலிலே நாம் மிகுதியாகப் போற்றத் தவறிய பாத்திரம் ஒன்றுண்டு, அவள் தோழி. புதியவன் வந்தால் அவனைக் கேள்வி கேட்பவள் அவளே. அவன் சொல்லை ஐயுறுவாள், நாட்கடத்துவாள், சோதிப்பாள், ஏற்றவனெனின் துணைநிற்பாள். தாய் வீட்டுக் காவலை இறுக்கும்போது தலைவியின் பக்கம் நின்று உண்மையை உரைப்பாள். அவள் தலைவியைக் கண்டிப்பதுண்டு, கைவிடுவதில்லை. புதிய சுவரிலே தலைவனும் உண்டு, தலைவியும் உண்டு, ஊராரும் உண்டு. தோழி மட்டும் இல்லை. அவ்விடத்தை நிரப்பவேண்டிய வீடும் பாடசாலையும் காவற்காரராகிவிட்டன. தொலைபேசியைப் பறித்தல் எளிது. மறுக்கும் உரிமை உனக்கு உண்டு, உன் படத்தைக் காட்டி மிரட்டுபவனே குற்றவாளி, நீ எங்களிடம் வரலாம், உன் படிப்பு நில்லாது என்று கூறுதல் அத்துணை எளிதன்று. ஆனால் அதுவே ஆசிரியரின் கடமை. ஆண் மாணவருக்கும் ஒரு பாடம் உண்டு. மௌனம் சம்மதமன்று என்பதை மடலேறுதலைக் கற்பிக்கும் அதே வகுப்பிலேயே கற்பித்தல் கூடும்.

அன்று நம்மிடம் வினவிய மாணவிக்கு இப்போது இவ்வாறு விடை கூறுவோம். பெண்களும் எழுதினர், ஆனால் மிகச் சிலரே எழுதினர், எழுதியவருள்ளும் ஒருத்தி ஆண்கள் நோக்கிய திசையிலேயே தானும் நோக்கினாள். நீ எழுது. பாறையிலே கீறாதே, அது பழையவர்களுடையது. திரையிலே எழுதுவதானால், படமாக மட்டும் நில்லாதே; பேசு, கேள், மறு, உன் பெயரை நீயே இடு. உன் கையிலுள்ளது கண்ணாடியும் எழுத்தாணியும் சேர்ந்த ஒரு கருவி. கண்ணாடியாக மட்டும் அதனைக் கொள்ளுமாறு உன்னைத் தூண்டுவோர் பலர். எழுத்தாணியாக நீ அதனைக் கொள்ளும் நாளிலே உன் பக்கம் நிற்க நாம் கடமைப்பட்டுள்ளோம். ஒரு முறை வாளாவிருந்தோம். இனி அவ்வாறு இரோம்.